லினக்சில் விளையாடலாமா?

ஆடுபுலி ஆட்டத்தை அறியாதவர் நம்மில் குறைவு. கோயில் மண்டபத் தரைகளிலும் ஊர்ப்புறப் பாறைகளிலும் அதற்கான கோடுகள் கீறப்பட்டிருப்பதை நீங்கள் பார்த்திருக்கக் கூடும். பாறை கிடைக்காவிட்டால் கரித்துண்டை எடுத்துத் திண்ணையில் நாலு கோடு இழுத்தால் போதும். புளியங்கொட்டை ஆடாகிவிடும், கூழாங்கல் புலியாகிவிடும். தரை எதுவானாலும் ஆட்டம் ஒன்றே.

கணிப்பொறி விளையாட்டுகளின் கதை வேறு. ஒரே கணிப்பொறி, அதே செயலி, அதே நினைவகம், அதே திரை. அதில் விண்டோஸ் இருக்கும்போது நன்றாக ஓடுகிற ஆட்டம், விண்டோசை எடுத்துவிட்டு லினக்சை நிறுவினால் திறக்கவே மறுத்துவிடும். பொறியில் ஒரு திருகுகூட மாறவில்லை. பிறகு ஏன் ஆட்டம் நின்றது?

நெடுங்காலம் நிலைமை இப்படித்தான் இருந்தது. இன்றோ, விண்டோசுக்கென்றே எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் லினக்சில் ஓடுகின்றன. இந்த மாற்றம் ஒரே நாளில் நிகழவில்லை. முப்பது ஆண்டுகள் பிடித்தன. அது எவ்வாறு நிகழ்ந்தது, அதனுள் இருக்கும் நுட்பம் யாது, நம் மாணவர்களுக்கு அதனால் என்ன பயன் என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

நம் அலமாரியிலேயே ஒரு லினக்ஸ்

இது எங்கோ அயல்நாட்டில் நடந்த செய்தி என்று எண்ண வேண்டாம். தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் தரப்பட்ட மடிக்கணினிகளில் விண்டோசுடன் 'பாஸ்' என்னும் லினக்சும் சேர்த்தே நிறுவப்பட்டிருந்தது. 'பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்' என்பதன் சுருக்கமே பாஸ். சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் டெபியன் என்னும் லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு இதனை உருவாக்கி, 2007-இல் வெளியிட்டது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் இதனைப் பயன்படுத்தலாம்.

மடிக்கணினியை இயக்கியதும் திரையில் இரு பெயர்கள் தோன்றும், வேண்டியதைத் தேர்ந்தெடுக்கலாம். பெரும்பாலான மாணவர்கள் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்லத் தேவையில்லை. ஓசூர், கிருஷ்ணகிரி, பர்கூர்ப் பகுதிக் கல்லூரிகளில் பயிலும் மாணவர்களிடம் லினக்சைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "அதில் கேம் ஓடாது, சார்" என்ற விடை உடனே வரும்.

இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. பிள்ளைகளில் பலர் கணிப்பொறியோடு முதலில் நட்புக் கொள்வது விளையாட்டின் வழியாகத்தான். எதில் விளையாடினார்களோ அதுவே கைக்குப் பழகுகிறது. கைக்குப் பழகியதையே பின்னர் அலுவலகத்திலும் கேட்கிறார்கள். லினக்சின் மூலநிரலை உலகில் எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குத் தரலாம். இத்தகைய திறந்த பாடப்புத்தகம் ஒன்று மாணவரின் மடியிலேயே இருந்தும் அவர் அதைப் புரட்டாமற் போனதற்கு, விளையாட்டு இல்லாமை ஒரு முக்கியக் காரணம் எனலாம்.

தடை எங்கே இருந்தது?

கணிப்பொறியின் செயலிக்குத் தெரிந்தவை கூட்டல், கழித்தல், ஒப்பிடுதல், எண்ணை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாற்றுதல் போன்ற எளிய ஆணைகளே. விண்டோஸ் இருந்தாலும் லினக்ஸ் இருந்தாலும் அதே செயலிக்கு அதே ஆணைகள்தான். ஆகவே ஓர் ஆட்டத்தின் கணக்கு வேலைகளைச் செய்வதில் லினக்சுக்கு எத்தடையும் இல்லை.

ஆனால் எந்த நிரலும் தன் வேலை முழுவதையும் தானே செய்துகொள்வதில்லை. வட்டில் இருக்கும் கோப்பைத் திறக்க வேண்டும். திரையில் படம் வரைய வேண்டும். ஒலிபெருக்கியில் ஓசை எழுப்ப வேண்டும். ஆடுபவர் எந்த விசையை அழுத்தினார் என்று அறிய வேண்டும். இவற்றையெல்லாம் இயங்குதளத்திடம் கேட்டுத்தான் பெற வேண்டும். அரசு அலுவலகத்தில் நமக்கு ஒரு காரியம் ஆக வேண்டுமானால், அதற்குரிய படிவத்தில் எழுதிக் கொடுக்கிறோம் அல்லவா? அதுபோல நிரலும் தன் வேண்டுகோளை உரிய பெயரில், உரிய வடிவில் இயங்குதளத்திடம் தர வேண்டும்.

சிக்கல் இங்கேதான். ஒரு கோப்பைத் திறக்க விண்டோசில் 'கிரியேட்ஃபைல்' என்று கேட்க வேண்டும். லினக்சில் 'ஓப்பன்' என்று கேட்க வேண்டும். விண்டோசில் வட்டுப் பகுதிகளுக்கு ஆங்கில எழுத்துகளில் பெயர். லினக்சில் அப்படி இல்லை, எல்லாம் ஒரே மரத்தின் கிளைகள். கோப்பின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினாலும் சிறிய எழுத்தில் எழுதினாலும் விண்டோசுக்கு ஒன்றே. லினக்சுக்கு அவை இரண்டு வெவ்வேறு கோப்புகள். முப்பரிமாணப் படம் வரைய விண்டோசில் 'டைரக்ட் 3டி' என்னும் மொழி. லினக்சில் 'ஓப்பன்ஜிஎல்' என்னும் மொழி. கேட்கும் பொருள் ஒன்றே. கேட்கும் மொழிதான் வேறு.

இதிலிருந்து ஓர் உண்மை புலப்படுகிறது. லினக்சில் ஆட்டம் ஓடாததற்குக் காரணம் பொறியின் வலிமைக் குறைவு அன்று, மொழி புரியாமையே.

தொடக்க நாள்களில்

பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்சின் கருவை எழுதி வெளியிட்டார். கரு என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி. இன்று நம் கைகளில் இருக்கும் ஆண்ட்ராய்டு கைபேசிகளின் உள்ளேயும் இருப்பது லினக்ஸ் கருவே. கைபேசியில் விளையாடிக்கொண்டே "லினக்சில் கேம் ஓடாது" என்று சொல்லும் மாணவர், லினக்ஸ் கருவின் மேல்தான் விளையாடிக்கொண்டிருக்கிறார்! ஆனால் கருவுக்கு மேலே உள்ள அடுக்குகள் கைபேசியில் வேறு, மேசைக் கணிப்பொறியில் வேறு. நம் கட்டுரை மேசைக் கணிப்பொறியைப் பற்றியது.

லினக்சில் விளையாட்டே இல்லாமல் இருந்ததில்லை. 'டூம்' என்னும் புகழ்பெற்ற ஆட்டம் 1993-இன் இறுதியில் வெளிவந்தது. அதை ஆக்கிய ஐடி சாப்ட்வேர் நிறுவனத்தைச் சேர்ந்த டேவ் டெய்லர் மறு ஆண்டே அதனை லினக்சுக்கு மாற்றினார். 1997 டிசம்பரில் அதன் மூலநிரலும் வெளியிடப்பட்டது. ஆர்வலர்கள் தாங்களே எழுதிய ஆட்டங்களும் உண்டு. பனிச்சரிவில் பெங்குவின் சறுக்கிச் செல்லும் 'டக்ஸ் ரேசர்' 2000-ஆம் ஆண்டிலும், உத்தி நிறைந்த போராட்டமான 'வெஸ்நாத்' 2003-இலும் வெளிவந்தன. சிறு குழந்தைகளுக்கு எண், எழுத்து, வடிவங்களைக் கற்பிக்கும் 'ஜிகாம்ப்ரி' என்னும் தொகுப்பைப் பிரான்சு நாட்டின் புரூனோ கூதுவான் 2000-இல் தொடங்கினார்.

இவை நல்ல ஆட்டங்களே. ஆயினும் கடையில் விற்ற பெரிய ஆட்டங்கள் லினக்சுக்கு வரவில்லை. ஆடுவோர் குறைவு, ஆகையால் ஆக்குவோர் வரவில்லை. ஆக்குவோர் வராததால் ஆடுவோர் பெருகவில்லை. மரம் முந்தியா, வித்து முந்தியா என்னும் பழைய வழக்குத்தான்.

ஒவ்வொன்றாகப் பெயர்த்து நடுதல்

இந்த வட்டத்தை உடைக்க முதலில் முயன்றவர்களுள் குறிப்பிடத்தக்கது அமெரிக்காவின் லோகி நிறுவனம். 1998-இல் தொடங்கப்பட்ட இது, விண்டோஸ் ஆட்டங்களின் மூலநிரலை உரிமையாளரிடம் பெற்று, லினக்சுக்கு ஏற்றவாறு மாற்றி எழுதி விற்றது. ஒரு புத்தகம் முழுவதையும் மொழிபெயர்த்து அச்சிடுவது போன்ற வேலை இது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பல மாத உழைப்பு வேண்டும், வாங்குவோரோ சிலர். 2002 தொடக்கத்தில் நிறுவனம் மூடப்பட்டது.

நிறுவனம் மறைந்தாலும் அதன் உழைப்பு வீண்போகவில்லை. அங்குப் பணியாற்றிய சாம் லாண்டிங்கா 1998-இல் 'எஸ்.டி.எல்.' என்னும் நிரல் தொகுப்பைத் தொடங்கியிருந்தார். சாளரம் திறத்தல், ஒலி எழுப்புதல், விசையழுத்தத்தை அறிதல் ஆகியவற்றை எல்லா இயங்குதளங்களிலும் ஒரே விதமாகக் கேட்க வழிசெய்வது அது. இதனைக் கொண்டு எழுதிய ஆட்டத்தை ஓர் இயங்குதளத்திலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுபோவது எளிது. திறந்த நிரலாக இருந்ததால், நிறுவனம் மூடிய பின்னும் அது வளர்ந்தது. இன்றும் எண்ணற்ற ஆட்டங்கள் அதன் மேல்தான் ஓடுகின்றன.

உடனுக்குடன் மொழிபெயர்த்தல்

இரண்டாம் வழி வேறு விதமானது. அதைப் புரிந்துகொள்ளப் பர்கூர் ஜவுளிக் கடைத்தெருவுக்கு ஒருமுறை வாருங்கள். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், கிருஷ்ணகிரிக்கு அருகே உள்ள இவ்வூரில் மொத்த விலைத் துணிக்கடைகள் நிறைந்துள்ளன. தமிழகத்தின் பிற பகுதிகளிலிருந்து மட்டுமின்றி, ஆந்திரத்திலிருந்தும் கருநாடகத்திலிருந்தும் வாங்குவோர் வருகின்றனர். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது எல்லாம் ஒரே தெருவில் ஒலிக்கும்.

தமிழ் மட்டும் தெரிந்த கடைக்காரரிடம், கன்னடம் மட்டும் தெரிந்த ஒருவர் துணி வாங்க வருகிறார் என வைத்துக்கொள்வோம். கடைக்காரர் கன்னடம் கற்கும் வரை காத்திருக்க முடியாது. கன்னட நாட்டுக் கடை ஒன்றை அப்படியே பெயர்த்துக் கொண்டுவரவும் முடியாது. இரு மொழியும் அறிந்த ஒரு பையன் நடுவில் நின்றால் போதும். அவர் கேட்கக் கேட்க இவன் சொல்வான், துணி கைமாறும். துணியை அளப்பதும் விலை கணக்கிடுவதும் கடைக்காரரே. பையனின் வேலை சொல்லை மாற்றுவது மட்டுமே.

'வைன்' என்பது அந்தப் பையன். 1993-இல் தொடங்கிய இம்முயற்சியை 1994 முதல் அலெக்சாந்தர் ஜூலியார் என்பவர் முன்னின்று நடத்தி வருகிறார். விண்டோஸ் நிரல் 'கிரியேட்ஃபைல்' என்று கேட்டவுடன், வைன் அதை வாங்கி, லினக்சின் 'ஓப்பன்' ஆக மாற்றிக் கருவிடம் கொடுக்கும். விடையை மீண்டும் விண்டோஸ் வடிவில் நிரலிடம் தரும். ஆட்டத்தின் கணக்குகள் மொழிபெயர்ப்பு ஏதுமின்றி நேரே செயலியில் ஓடும். ஒரு பொறி முழுவதையும் நிரலால் நடித்துக் காட்டும் போலிப்பொறிகள் வேறு வகை. அவற்றில் ஒவ்வோர் ஆணைக்கும் தாமதம் உண்டு. வைன் அத்தகையது அன்று.

கேட்பதற்கு எளிது, செய்வதற்கு அரிது. விண்டோஸ் வேண்டுகோள்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றின் உட்புற நிரலைப் பார்க்க அனுமதி இல்லை. வெளியே இருந்து ஒன்றைக் கேட்டு, என்ன விடை வருகிறது என்று பார்த்து, அதே விடை தருமாறு தாமே புதிதாக எழுத வேண்டும். விண்டோசில் உள்ள சிறு பிழைகளைக்கூட அப்படியே பின்பற்ற வேண்டியிருக்கும். ஏனெனில் அப்பிழையை நம்பி எழுதிய ஆட்டங்களும் உண்டு. வைனின் முதல் முழுப் பதிப்பு 2008 ஜூனில்தான் வந்தது. அதற்குப் பதினைந்து ஆண்டுகள் ஆயின என்றால் வேலையின் அளவை நீங்களே உணரலாம்.

ஒரு படத்துக்கு 16.7 மில்லி நொடி

எழுத்து வேலைக்கான நிரல் அரை நொடி தாமதித்தால் நாம் பொறுத்துக்கொள்வோம். விளையாட்டில் அது நடக்காது. திரைப்படத்தில் நொடிக்கு 24 படங்கள் ஓடுவதை அறிவீர்கள். கணிப்பொறி ஆட்டத்தில் பொதுவாக நொடிக்கு 60 படங்கள் வேண்டும் என்பர். அப்படியானால் ஒரு படத்தை வரைந்து முடிக்கக் கிடைக்கும் நேரம் 1/60 நொடி, அதாவது 16.7 மில்லி நொடி.

ஒரு படத்தில் மரம், வீடு, வண்டி, மனிதர் என்று பல பொருள்கள் இருக்கும். ஒவ்வொன்றையும் வரையுமாறு வரைகலைச் செயலிக்குத் தனித்தனியே ஆணை போக வேண்டும். ஒரு படத்துக்கு 5,000 ஆணைகள் என்று கொள்வோம். நடுவில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர் ஓர் ஆணைக்கு ஒரு மைக்ரோ நொடி, அதாவது நொடியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு மட்டுமே எடுத்துக்கொள்கிறார் என்போம். மொத்தம் 5,000 மைக்ரோ நொடி, அதாவது 5 மில்லி நொடி ஆகிவிடும். மொழிபெயர்ப்பின்றி 16 மில்லி நொடியில் முடிந்த படம் இப்போது 21 மில்லி நொடி எடுக்கும். நொடிக்கு 60 படங்களுக்கு மேல் வந்த இடத்தில் 48 கூட வராது. கண் அதை உடனே உணர்ந்துவிடும். பல ஆண்டுகள் வைன் வழியே பெரிய ஆட்டங்கள் திக்கித் திணறியதற்குக் காரணம் இதுவே. டைரக்ட் 3டியின் அமைப்பும் ஓப்பன்ஜிஎல்லின் அமைப்பும் பல இடங்களில் பொருந்தாமையால், ஒரு சொல்லுக்கு ஒரு வாக்கியம் சொல்ல வேண்டிய நிலை இருந்தது.

லினக்சே மெதுவானது என்று இதற்குப் பொருள் அன்று. அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2012-இல் தன் 'லெஃப்ட் 4 டெட் 2' என்னும் ஆட்டத்தை நேரடியாகவே லினக்சுக்கு மாற்றியது. முதலில் ஓட்டியபோது நொடிக்கு 6 படங்களே வந்தன. பொறியாளர்கள் ஒவ்வொரு தாமதத்தையும் தேடிக் களைந்தனர். இறுதியில் அதே கணிப்பொறியில் விண்டோசில் 270.6 படங்களும் லினக்சில் 315 படங்களும் வந்தன என்று அவ்வாண்டு ஆகஸ்டில் அறிவித்தனர். ஒரு படத்துக்கான நேரமாக மாற்றிப் பார்த்தால், விண்டோசில் 3.70 மில்லி நொடி, லினக்சில் 3.17 மில்லி நொடி. வேறுபாடு அரை மில்லி நொடிதான். ஆனால் லினக்சால் முடியாது என்ற பேச்சுக்கு அது போதிய விடையாயிற்று.

கடைக்காரர் காட்டிய ஆர்வம்

வால்வ் நிறுவனம் ஏன் இவ்வளவு பாடுபட்டது? அதற்கு ஒரு வணிகக் காரணம் உண்டு. கணிப்பொறி ஆட்டங்களை இணையத்தின் வழி விற்கும் 'ஸ்டீம்' என்னும் பெருங்கடை அந்நிறுவனத்துக்குச் சொந்தமானது. 2012-இல் வந்த விண்டோஸ் 8-இல் மைக்ரோசாப்ட் தன் சொந்த விற்பனைக் கடையைச் சேர்த்தது. கடை வைத்திருக்கும் கட்டடத்தின் சொந்தக்காரரே அதே கட்டடத்தில் போட்டிக்கடை திறந்தால் வாடகைக்காரருக்கு எப்படியிருக்கும்? வால்வின் தலைவர் கேப் நியூவெல் தம் கவலையை வெளிப்படையாகவே சொன்னார். யாருக்கும் சொந்தமல்லாத, ஆகவே எல்லாருக்கும் சொந்தமான லினக்சை நோக்கி அந்நிறுவனம் திரும்பியது.

லினக்சுக்கான ஸ்டீம் 2013 பிப்ரவரியில் வந்தது. லினக்சில் இயங்கும் 'ஸ்டீம் மெஷின்' என்னும் விளையாட்டுப் பெட்டிகள் 2015 நவம்பரில் விற்பனைக்கு வந்தன. ஆனால் அவை எடுபடவில்லை. பெட்டி இருந்தது, ஆட்டங்கள் போதவில்லை. புகழ்பெற்ற ஆட்டங்கள் பல விண்டோசில் மட்டுமே இருந்தன. எல்லா ஆக்குநரையும் லினக்சுக்கு மாற்றி எழுதச் சொல்வது நடவாத காரியம் என்பது இதனால் தெளிவாயிற்று.

வல்கனும் புரோட்டானும்

இந்நிலையில் 2016 பிப்ரவரியில் 'வல்கன்' என்னும் புதிய வரைகலை மொழி வெளிவந்தது. பல நிறுவனங்கள் கூடியமைத்த குரோனோஸ் குழு இதனை வெளியிட்டது. வரைகலைச் செயலியின் உள்ளமைப்புக்கு மிக நெருங்கிய மொழி இது. நடுவில் யாரும் ஊகித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. வேண்டியதை நுணுக்கமாகச் சொல்லிவிடலாம். ஆகையால் மொழிபெயர்ப்பாளருக்கு இது ஏற்ற கருவியாக அமைந்தது.

பிலிப் ரெபோலே என்னும் நிரலர், 'நீர்: ஆட்டோமேட்டா' என்ற ஆட்டத்தை லினக்சில் ஆட விரும்பி, டைரக்ட் 3டியை வல்கனாக மாற்றும் 'டிஎக்ஸ்விகே' என்னும் நிரலை எழுதத் தொடங்கினார். வால்வ் அம்முயற்சிக்கு ஊதியம் தந்து ஆதரித்தது. வைன், டிஎக்ஸ்விகே முதலியவற்றை ஒன்றாகச் சேர்த்து 2018 ஆகஸ்டில் 'புரோட்டான்' என்னும் தொகுப்பை வெளியிட்டது. அணுக்கருவிலுள்ள துகளின் பெயர் இதற்கு வாய்த்திருப்பது இயற்பியல் ஆசிரியனாகிய எனக்கு ஒரு மகிழ்ச்சி! முதலில் 27 ஆட்டங்களே சரிபார்க்கப்பட்டு அறிவிக்கப்பட்டன. பின்னர் எண்ணிக்கை விரைந்து பெருகியது. ஆடுபவர் இப்போது பொத்தானை அழுத்தினால் போதும். மொழிபெயர்ப்பு நடப்பதே அவருக்குத் தெரியாது.

இங்கே இன்னொரு நுட்பத்தையும் சொல்ல வேண்டும். ஒளி எங்கே விழும், நிழல் எப்படிப் படியும், தண்ணீர் எவ்வாறு மின்னும் என்பனவற்றைக் கணக்கிடும் சிறு நிரல்கள் ஒவ்வோர் ஆட்டத்திலும் உண்டு. இவற்றை முதன்முறை வரைகலைச் செயலியின் மொழிக்கு மாற்றும்போது சிறிது நேரம் பிடிக்கும். ஆட்டம் ஒரு நொடி திக்கும். மாற்றியதை வட்டில் சேமித்து வைத்துக்கொண்டால் மறுமுறை திக்காது. சமைத்ததை மறுநாளுக்கு எடுத்து வைப்பது போன்ற ஏற்பாடு இது.

2022 பிப்ரவரியில் வால்வ், 'ஸ்டீம் டெக்' என்னும் கைப்பெட்டியைக் கொண்டுவந்தது. அதில் ஓடுவது லினக்சே. இம்முறை அதில் ஓட ஆட்டங்கள் காத்திருந்தன. எனவே பெட்டி நிலைத்தது. ஸ்டீம் பயனரிடையே மாதந்தோறும் எடுக்கப்படும் கணக்கின்படி, 2018-இல் லினக்சில் ஆடியவர் நூற்றுக்கு ஒருவரினும் குறைவு. 2025 அக்டோபரில் அது நூற்றுக்கு மூவரைத் தாண்டியது. சிறிய எண்தான், ஆனால் வளர்ந்து வரும் எண்.

இன்னும் மீதியுள்ள தடை

எல்லாம் ஓடிவிடுகிறது என்று சொன்னால் அது பொய்யாகும். பலர் சேர்ந்து இணையத்தில் ஆடும் போட்டி ஆட்டங்கள் சில இன்றும் லினக்சில் ஓடா. காரணம் ஏமாற்றுத் தடுப்பு நிரல்கள். சுவருக்குப் பின்னால் இருப்பவரைக் காட்டும் கள்ள நிரலை ஒருவர் வைத்திருந்தால் ஆட்டம் கெட்டுவிடும். அதைப் பிடிக்க, காவல் நிரல் ஒன்று இயங்குதளத்தின் கரு வரை நுழைந்து கண்காணிக்கிறது. லினக்சிலோ கருவையே உரிமையாளர் மாற்றி எழுதிக்கொள்ளலாம். காவலரை ஏமாற்ற நினைப்பவருக்கு அது வாய்ப்பாகும் என ஆக்குநர் அஞ்சுகின்றனர்.

2021-இல் பேட்டில்ஐ, ஈசி ஆன்டி-சீட் ஆகிய இரு காவல் நிரல்களும் புரோட்டானில் இயங்க வழிசெய்தன. ஆனால் அதை அனுமதிப்பதும் மறுப்பதும் ஆட்டத்தை ஆக்கியவரின் விருப்பம். 'வாலரன்ட்' ஆட்டம் லினக்சில் ஓடுவதில்லை. முன்பு ஓடிக்கொண்டிருந்த 'ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்' 2024 இறுதியில் லினக்சுக்குக் கதவடைத்துவிட்டது. என் கணிப்பொறியில் என்ன ஓடுகிறது என்று பார்க்கும் உரிமை எனக்கா, ஆட்டத்தை விற்றவருக்கா என்ற கேள்வி இதில் அடங்கியிருக்கிறது. மொழிபெயர்ப்பால் தீர்க்கக்கூடிய சிக்கல் அன்று இது. மனிதர்கள் பேசித் தீர்க்க வேண்டியது.

நமக்கு என்ன பயன்?

விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் நாள் மைக்ரோசாப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 கேட்கும் உறுப்புகள் இல்லாத பல கணிப்பொறிகள் வீடுகளிலும் கல்லூரிகளிலும் உள்ளன. அவை பழுதடைந்தவை அல்ல. லினக்சை நிறுவினால் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். விளையாட்டுக்காகத் திருட்டுப் படிகளைத் தேடி நச்சுநிரல்களை வரவழைத்துக்கொள்ளும் வழக்கமும் இதனால் குறையும். ஏனெனில் லினக்சின் மென்பொருள் களஞ்சியத்தில் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் விலையின்றி, முறைப்படியே கிடைக்கின்றன.

ஆனால் பொறியின் வயதை அறிந்து ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2011-ஆம் ஆண்டுக் காலத்து மடிக்கணினிகளின் வரைகலைப் பகுதிக்குப் பெரும்பாலும் வல்கன் தெரியாது. எனவே புரோட்டான் வழியாகப் புதிய பெரிய ஆட்டங்கள் அவற்றில் ஓடா. வெஸ்நாத், ஜிகாம்ப்ரி போன்றவை ஓடும். சில ஆண்டுகளுக்குள் வாங்கிய மடிக்கணினியானால் வல்கன் இருக்கும். நடுத்தர ஆட்டங்களை ஆடலாம். கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் என 2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. புதிய கணிப்பொறி கைக்கு வருகிறவர்கள் பழைய விடையை அப்படியே ஒப்புவிக்காமல் தாமே சோதித்துப் பார்ப்பது நல்லது.

சோதிப்பதற்கு நிறுவ வேண்டும் என்பதுகூட இல்லை. லினக்சை ஒரு விரல் நினைவகத்தில் எழுதி, அதிலிருந்தே கணிப்பொறியை இயக்கலாம். நிறுவும் ஆணையைத் தராத வரை உங்கள் வட்டில் உள்ளவை அப்படியே இருக்கும். 'சூப்பர்டக்ஸ்கார்ட்' என்னும் வண்டிப் பந்தய ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு எத்தனை படங்கள் வருகின்றன என்பதைத் திரையிலேயே காட்டும் வசதி அதன் அமைப்புகளில் உண்டு. முதலில் திரையை 1366 × 768 புள்ளிகளில் வைத்து ஓட்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்பு உங்கள் திரை இடந்தந்தால் 1920 × 1080 புள்ளிகளுக்கு மாற்றி ஓட்டுங்கள். முதலாவதில் ஏறத்தாழ 10.5 இலட்சம் புள்ளிகள், இரண்டாவதில் 20.7 இலட்சம். புள்ளிகள் ஏறத்தாழ இரு மடங்கு. படங்களின் எண்ணிக்கை சரிபாதியாகக் குறைகிறதா? குறைந்தால், தாமதம் வரைகலைச் செயலியில் இருக்கிறது. பெரிதும் குறையாவிட்டால், புள்ளிகளின் எண்ணிக்கையோடு தொடர்பில்லாத வேலை எதுவோ, பெரும்பாலும் மையச் செயலியின் வேலை, நேரத்தைத் தின்கிறது. நிழலை நிறுத்தியும் ஓட்டியும் மீண்டும் அளந்து பாருங்கள். திரையின் எண்களைச் செங்குத்துப் புதுப்பிப்பு அமைப்பு 60-இல் கட்டிவைத்திருந்தால், அதை முதலில் நிறுத்திவிட்டு அளப்பது அவசியம்.

இத்தனையும் செய்து முடிக்கும்போது உங்கள் குறிப்பேட்டில் பத்துப் பன்னிரண்டு எண்கள் இருக்கும். அவற்றுக்கு விளக்கம் தேடிப் போனால் அந்த ஆட்டத்தின் மூலநிரல் திறந்தே இருக்கிறது. அதை ஓட்டும் லினக்சின் மூலநிரலும் திறந்தே இருக்கிறது. முப்பது ஆண்டுகளாக அந்த மொழிபெயர்ப்பு வேலையைச் செய்தவர்கள் இப்படித்தான் தொடங்கினார்கள்: ஆட விரும்பினார்கள், ஓடவில்லை, ஏன் என்று பார்த்தார்கள். "அதில் கேம் ஓடாது" என்பதை முடிவாகக் கொண்டால் அது அங்கேயே நின்றுவிடும். கேள்வியாகக் கொண்டால் நல்ல ஆய்வுக்கு அதுவே தலைப்பு.